தேய்த்தால் வெளுக்கும்

குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பயத்தம் மா கரைந்த தண்ணீர் மஞ்சளாக அல்லவா இருக்கும்? இது தேயிலைச் சாயம்போல் அடர்ந்து, பேசினின் அடியை மறைத்து நின்றது. செலீன் விரலை விட்டு எடுத்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

துடக்கு என்ற பிள்ளைப்பேற்றுத் தீட்டு கழியும்வரை பிள்ளை பெற்றவள் தண்ணீரில் கை வைக்கக் கூடாதாம். அதனால் மாமியார் மங்கையற்கரசி வெக்ஸ்போர்ட்டில் மகனின் அடுக்குமாடி வீட்டுக்கே வந்து, குளிப்பாட்டும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டிருப்பாள். காலை நீட்டி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, பயத்தம் மா தேய்ப்பாள். முதலில் செலீனுக்கு அது பிடித்தும் இருந்தது.

பிள்ளை பிறந்த அன்று செலீனின் தாய் காது மடலைப் பார்த்து, "இதுதான் இவளுடைய நிறம்" என்று முத்தமிட்டாள். பிள்ளையின் நிறம் பின்னால் என்னவாகும் என்று ஜமேக்காவில் காதில்தான் பார்ப்பார்களாம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். மங்கையற்கரசியும் அதே மடலைத்தான் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"காதிலை தெரியுது, தாயின்ரை நிறம்தான்," என்று யாருக்கோ போனில் சொன்னாள். "தேய்ச்சால் வெளுக்கும்."

கணவன் சசிகரனைக் காதலித்த காலத்தில் கற்ற தமிழ், கேட்கக் கூடாததையெல்லாம் கேட்கப் போதுமாக இருந்தது.

பகலெல்லாம் சாம்பிராணிப் புகை கதவிடுக்கால் நுழைந்து, பால் கட்டிய மார்பின் புளித்த வாடையோடு கலந்து, ஹீட்டரின் வறண்ட சூட்டில் தொண்டையை அடைக்க, அவள் கட்டிலில் கிடந்து, குளியலறைக்குள்ளிருந்து விட்டுவிட்டு வரும் தேய்க்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். சர்... சர்... குளித்து வந்த பிள்ளையின் காது மடல் பாலாடைபோல் வெளுத்திருந்தது.

வேலையிலிருந்த சசிகரனை அழைத்தாள். "சசி, மாமி தேய்க்கத் தேய்க்க பிள்ளையின்ரை நிறம் போகுது."

"பயத்தம் மாவிலை நிறம் போகுமே? நீ நித்திரை கொள்ளேல்லை, செலீன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உந்தக் கதையை டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை. சிறுவர் நலக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

அவளுக்கும் அதே பயம்தான். பிரசவ அறையில் வலியில் கத்தியபோது, உங்களைப் போன்றவர்கள் நன்றாகத் தாங்குவார்கள் என்று தாதி சிரித்தாள். இரத்தம் கட்டிலை நனைத்த பிறகுதான் ஓடி வந்தார்கள். இனி வாய் திறந்தால் உதவ ஆள் வருமா, பிள்ளையைப் பறிக்க ஆள் வருமா? எது நடக்கும் என்று கறுப்புத் தாய்க்கு முன்கூட்டித் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் சத்தம் மாறியது.

கரகரப்பு. கல்லின் சத்தம். குதிக்கால் தேய்க்கும் கல்.

பிள்ளை அழவில்லை.

செலீன் தோளால் கதவை இடித்துத் திறந்தாள். நீட்டிய கால்களில் பிள்ளை. காதிலிருந்து இரத்தம். மாமியார் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமி, தாங்கோ பிள்ளையை!"

"விடடி! என்னையும் இப்பிடித்தான் தேய்ச்சவை. நான் செத்தே போனன்?"

செலீன் பிள்ளையைப் பறித்தாள். மற்றக் கையால் தள்ளினாள். பலம் முழுவதையும் போட்டுத் தள்ளினாள். குளியல் தொட்டியின் விளிம்பில் மண்டை மோதியது. தேங்காய் உடைந்த சத்தம். அப்போதும் அந்தக் கை பிள்ளையின் கணுக்காலை விடவில்லை. செலீன் அதைக் காலால் மிதித்தாள். எலும்பு முறிந்தது. மறுபடியும் மிதித்தாள்.

கை விட்டது. பிள்ளை வீறிட்டது. உயிரோடு இருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரை அடித்து, பொலிஸைக் கூப்பிடுவதாகக் கத்தினார். செலீனால் அசைய முடியவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஈரத் தரையிலேயே இருந்தாள்.

பிறகு வாசல் கதவில் இடி. "பொலிஸ்! கதவைத் திற!"

செலீன் தன்னைப் பார்த்தாள். கையெல்லாம் இரத்தம். மடியில் இரத்தம் வடியும் பிள்ளை. முதுகுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் ஒரு கிழவி. அவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். இதை மட்டும்தான்.

பின்னால் சர்... என்றது.

திரும்பினாள்.

தொப்பி கழன்றிருந்தது. மங்கையற்கரசிக்குக் காதுகளே இல்லை. இரண்டு பக்கமும் தேய்ந்து வழுவழுத்த தோல். கண்கள் இமைக்கவில்லை. மூச்சும் இல்லை. முறிந்து தொங்கிய கை மட்டும் கல்லைப் பொறுக்கி, அந்தத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சர்... சர்...

வாசல் கதவு பிளந்தது.

தேய்த்த இடம் வெளுத்துக்கொண்டு வந்தது. எலும்பு.