சுண்ணாம்பு தேடும் தண்ணீர்

முதல் சொட்டிலேயே நீலமாகிவிட்டது.

ஷேக் பரீத் சோதனைக் குழாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நீச்சல்குளத் தண்ணீரைப் பக்குவம் பண்ணுவதுதான் பதினாறு வருடமாக அவர் பிழைப்பு. குளத்துத் தண்ணீரில் பொடியைப் போட்டால் சிவக்கும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலமாக மாற எத்தனை சொட்டு பிடிக்கிறதோ, அந்த அளவுக்குத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நேற்று மாலைதான் ஒரு மூட்டை கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றியிருந்தார். இருபது சொட்டாவது பிடித்திருக்க வேண்டும்.

மதுக்கரை ரோட்டில் திருமலைசாமி கட்டிய புது வீடு அது. குளத்துக்கு உள்பூச்சு முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை. போர் தண்ணீர் உப்பென்று லாரி லாரியாகச் சிறுவாணித் தண்ணீரை இறக்கி நிரப்பியிருந்தார். குடிக்க அது அமிர்தம். புதுப் பூச்சுக்கு ஆகாது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் சும்மா இருக்காது. எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

பரீத் சுவரைத் தடவிப் பார்த்தார். ஓர் அரிப்பும் இல்லை. வழவழவென்றிருந்தது.

"ஏனுங்க, ராத்திரி தண்ணிய மாத்துனீங்களா?"

"லட்சம் லிட்டர ஆருங்க பாய் மாத்தறது?" திருமலைசாமி சிரித்தார். "நாளைக்குப் பொள்ளாச்சியிலிருந்து எம் பொண்ணு பிரவீனா கொழந்தைகளக் கூட்டிட்டு வாரா. சீக்கிரம் முடிச்சுபோடுங்க."

இரண்டாவது மூட்டையைப் பிரித்தார் பரீத். வாளித் தண்ணீரில் கொட்டியதும் வழக்கம்போல் கொதியேறி, ஈரச் சுவரில் வெள்ளையடித்த நெடி கிளம்பிற்று. அந்தச் சூட்டோடு குளத்தின் விளிம்பில் நடந்தபடி ஊற்றிக்கொண்டே வந்தவர், வெள்ளைக் கலங்கல் எப்போதும்போல் பரவிக் கரையாமல், சர்க்கரையைக் கண்ட எறும்புச்சாரி மாதிரி ஒரே கோடாக ஆழப்பக்கம் நகர்ந்து, அங்கே காணாமல் போவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் அடங்கவில்லை. யாரோ மிட்டாய் சப்புகிற மாதிரி ஒரு சத்தம், அடியிலிருந்து.

மண்டியிட்டு, முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்தார். பொடியைப் போட்டார். சிவக்கவே இல்லை. எடுத்த எடுப்பில் நீலம்.

குழாய் கையிலிருந்து நழுவியது. பிடிக்கப் பார்த்தார். கட்டைவிரல் நகம் நனைந்த காகிதம்போல் மடங்கியது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எறங்காதீங்க! இந்தத் தண்ணி சரியில்லீங்க!"

திருமலைசாமி அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிப் படியிறங்கித் தண்ணீரில் நின்றிருந்தார். "என்ற ஊட்டுத் தண்ணி என்னைய என்னங்க பண்ணிப்போடும்? பாருங்க, இடுப்பளவுதான்."

குளத்தின் ஆழமில்லாத பக்கம் அது. மூன்றடி. அவர் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே, பேரக் குழந்தைகளுக்கு வாங்கி வைத்திருக்கும் ரப்பர் வளையங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது.

"ஆழத்துக்குப் போகாதீங்க!"

"நான் எங்கீங்க போனேன்? நின்ன எடத்துலதான நிக்கறேன்."

பரீத் குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீர். பாதங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. அவற்றின் மேல் கால்கள். மடிப்பு மடிப்பாக. துவைத்துப் போட்ட துணிபோல.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

கையை நீட்டினார். திருமலைசாமியும் நீட்டினார். பரீத் இறுகப் பற்றினார். பற்றிய கை எலும்பே இல்லாமல், பிசைந்த மாவாக விரலிடுக்குகளில் பிதுங்கியது.

தண்ணீரில் அந்த முகம் மட்டும் மிதந்தது. மெல்ல, மெல்ல, விளிம்புகள் அகன்று தட்டையாகிக்கொண்டு. கண்கள் சிமிட்டின. வாயில் இன்னும் அந்தச் சிரிப்பு.

"ஏனுங்க பாய்," என்றது குழறலாக, "நீங்க எதுக்குங்க இப்படி ஒசந்துட்டே போறீங்க?"