கூம்பை மிதித்து நின்றவள்

ஈரக் கான்கிரீட்டுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், அமுங்குவது. கூம்பு வடிவ இரும்பு அச்சில் அதை நிரப்பி, அச்சை மேலே தூக்கினால், உள்ளே இருந்த குவியல் கொஞ்சம் உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்று அளந்தால் கலவை இளக்கமா இறுக்கமா என்று தெரிந்துவிடும். வேலைத்தளத்தின் ஓரத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில் அவள் நாள் தவறாமல் செய்தது இதைத்தான். அன்று மாலையும் அளந்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கலவை நல்லா இருக்குடா. ஊத்தச் சொல்லு."

"டாக்டரம்மா நாடி பாத்தாச்சா? அப்ப சரி."

அவன் அஸ்திவாரக் குழிக்குள் ஊற்றிய கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனது வலது சுண்டுவிரல் கோணல்; சின்ன வயதில் அவள் சாத்திய கதவில் நசுங்கியது. இன்றைக்கும் அந்த விரலைக் காட்டித்தான் அக்காவிடம் காரியம் சாதிப்பான்.

கை கழுவித் திரும்பினாள். குவியல் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். வெளியே மழை மூட்டத்தில் வெளிச்சம் மங்கிவர, தூரத்தில் கலவை லாரியின் உருளை கரகரவென்று சுற்றும் சத்தமும், மேலே குழல்விளக்கின் ரீங்காரமும், அறை முழுக்க ஊறிக் கிடந்த ஈர சிமெண்ட் வாடையும் என்றைக்கும் போலத்தான் இருந்தன. மறுபடி அளந்தாள். இன்னும் உயர்ந்திருந்தது. மாவு பொங்கும், கான்கிரீட் பொங்காது.

தள்ளுவண்டியில் மிச்சமிருந்த கலவையை எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட முடிவு செய்தாள். அச்சின் அடியில் இரண்டு பக்கமும் நீட்டியிருந்த தகடுகளையும் காலால் மிதித்துக்கொண்டு, அடுக்கடுக்காக நிரப்பி, கம்பியால் குத்தினாள். கடைசி அடுக்கில் கம்பி நின்றது. சிக்கவில்லை. யாரோ பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. பலமாக இழுத்து உருவினாள்.

போதும் என்று இடது காலைத் தூக்கினாள். அந்தப் பக்கம் அச்சும் கூடவே எழுந்தது.

சட்டென்று மிதித்தாள். உள்ளிருந்து ஏதோ மெதுவாக, விடாமல், மேல்நோக்கி முட்டியது.

மேஜையில் போன் அடித்தது. எட்டிக் கம்பியால் இழுத்து எடுத்தாள்.

"அக்கா, குழி தானா நிறையுது. லாரி பாதி கூட ஊத்தல. இடுப்பு வரைக்கும் வந்துருச்சு."

"மேல ஏறுடா."

"முடியலக்கா. உள்ள இழுக்குது."

"கயிறு போடச் சொல்லு. டேய், பேசு."

கொழகொழவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஓடிப்போய்க் குழியில் குதிக்கத்தான் மனம் துடித்தது. காலை எடுத்தால் கீழே இருப்பது எழும்.

"அக்கா." போனில் அவன் குரல், மூச்சிரைக்காமல், நிதானமாக. "வெளிய வந்துட்டேன். அங்கதான் வர்றேன்."

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. கண்ணீரைத் துடைக்கும்போது இன்னொரு குரல் கேட்டது. அதே குரல்தான். கீழேயிருந்து.

"அக்கா, கால எடு."

கூம்பின் குறுகிய வாயில் கலவை பிளந்தது. சாம்பல் நிற விரல்கள் வெளியே வந்து விளிம்பைத் துழாவின. அவள் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இது தம்பி இல்லை. தம்பி வந்துகொண்டிருக்கிறான். உடம்பின் பாரம் முழுவதையும் பாதங்களில் இறக்கி மிதித்தாள்.

"மூச்சு முட்டுதுக்கா."

மிதித்தாள்.

வாசலில் காலடிகள். சதக், சதக் என்று, கனமாக. கதவு திறந்தது. கண்ணைத் திறந்தாள்.

தலைமுதல் கால்வரை கலவை பூசி, தம்பியின் உயரத்தில், தம்பியின் தொப்பியோடு நின்றது. கதவைப் பிடித்திருந்த வலது கையில் ஐந்து விரல்களும் நேராக இருந்தன.

அவள் கீழே பார்த்தாள். கோணல் சுண்டுவிரல் ஒன்று கூம்பின் விளிம்பைப் பற்றியிருந்தது. பிறகு அது பிடியை விட்டது.