ஒரு விசிலுக்கு ஒருத்தி

இரும்புப் பெட்டியைச் சுமந்து வந்தவர் லைன் வீடுகளில் நான்காவதன் முன்னால் நின்று தும்மினார். "இதுதான் லோகோக்காரர் வீடு. தும்மாம இந்த ஊருக்குள்ள யாரும் வந்ததில்லம்மா. நீங்களும் ஒண்ணு போட்டுட்டு உள்ள போங்க."

அவர் வாய் மூடுவதற்குள் புதுப் பெண்ணான அவளுக்கும் தும்மல் வந்துவிட்டது. பின்னால் வந்த புது மாப்பிள்ளை சத்தமில்லாமல் சிரித்தார். நாற்பத்திரண்டு வயதில் புது மாப்பிள்ளை.

சிமெண்ட் ஆலை ஊர் அது. கூரை, வேலி, கொடியில் காயும் துணி, நிழலில் தூங்கும் நாய், எல்லாமே ஒரே சாம்பல் நிறம். பெண்கள் காலையில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம் கூட்டியாக வேண்டும். தூசியின் மேல் தண்ணீர் சிந்திவிட்டால் சாயங்காலத்துக்குள் இறுகிப் போகும். அப்புறம் கத்தி வைத்துத்தான் பெயர்க்க முடியும்.

அவள் வெளியூர்க்காரி. பன்னிரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். இனிமேல் நமக்கு ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது வந்த வரன் இவர். மனைவி இறந்து இரண்டு வருஷம், குழந்தை இல்லை, குடி இல்லை. குவாரியிலிருந்து ஆலைக்குக் கல் இழுத்து வரும் சின்ன ரயிலின் டிரைவர்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, கொல்லைக்குப் பின்னால் இருந்த கிராசிங்கில் விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

மதில் மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு ஃபிட்டரின் மனைவி. லைன் முழுக்க அவளை ஃபிட்டர் அத்தை என்றுதான் கூப்பிடும். "என்னடி மரமா நிக்கிற? உன் வீட்டு விசில்! ஓடு, அடுப்பைப் பத்தவை. அரை மணியில உன் ஆளு வந்து நிப்பார்."

அது அந்த லைனின் வழக்கம். நான்கு டிரைவர்கள், நான்கு விசில். கிராசிங்கில் அவரவர் விசிலை ஊதினால் அவரவர் வீட்டில் வெந்நீர் ஏறும். வண்டியை ஷெட்டில் விட்டு, கையெழுத்துப் போட்டு, நடந்து வந்து சேர அரை மணி. சூடான தண்ணீர் விழுந்தால்தான் அந்தத் தூசி தோலை விட்டு இறங்கும்.

அவள் கொல்லையடுப்பில் செம்பு அண்டாவை ஏற்றினாள். முகம் சூடானது அடுப்பினால் மட்டும் இல்லை. ஊரே கேட்கும்படி ஒருவர் தன்னைக் கூப்பிடுகிறார்! இத்தனை வயதுக்கு அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நிலைத்தது.

"மூத்தவ இதே விசிலுக்கு ஓடுற ஓட்டத்தைப் பாக்கணுமே," என்று அத்தை ஒரு நாள் வெள்ளந்தியாகச் சொன்னாள். "பதினோரு வருஷம். ஒரு நாள் பிந்தினதில்ல."

அன்று மாலை அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "அது அவங்க விசிலா?"

"விசில்ல என்ன அவங்களது, இவங்களது? கை பழகிப் போச்சு."

"கை பழகினதா? மனசு பழகினதா?"

அவர் அடுத்த பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது, தையல் மிஷினில் விரலில் இறங்கும் ஊசி மாதிரி அவளுக்குள் இறங்கியது.

"எனக்குன்னு ஒண்ணு ஊதுங்க. எச்சில் விசிலுக்கு நான் ஓட மாட்டேன்."

மறுநாள் கேட்டது புது விசில். ஒரு நெட்டை, இரண்டு குட்டை. ஜெயித்துவிட்ட பூரிப்போடு அவள் மதில் பக்கம் திரும்பினாள். ஃபிட்டர் அத்தை சிரிக்கவில்லை.

"புதுசு வெச்சா பழசை முடிச்சு ஊதணும்டி. செத்தவளைக் கிராசிங் தாண்டி எடுத்துட்டுப் போறப்போ அவ விசிலைக் கடைசியா ஒரு தரம் ஊதுவாங்க. உனக்கு முடிஞ்சுது, போய்ட்டு வான்னு அர்த்தம். உன் ஆளு அன்னிக்கு ஊதவே இல்ல. லீவரைப் புடிச்சுக்கிட்டு அழுதார். ஒரு விசிலுக்கு ஒருத்தி, ஒருத்திக்கு ஒரு விசில். விளையாடக் கூடாது."

அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். லீவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவ்வளவு ஆசையா?

திங்கட்கிழமை. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. குவாரிப் பக்கமிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, மெலிதாகக் கேட்டது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

பிரமை என்று நினைத்தாள். இரண்டுக்கு அவளுடைய விசில் கேட்டதும் கொல்லைக்கு ஓடினாள்.

அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவள் அடுப்பைத் தொட்டிருக்கவே இல்லை. விறகு அளவாக எரிந்து, தணல் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஈரச் சிமெண்டும் சோப்பும் கலந்த வாசனை. அடுப்பிலிருந்து குளியலறை வரைக்கும் தூசியில் ஈரமான காலடிகள். வெறுங்கால்.

அவர் குளித்துவிட்டு வந்தார். "அப்பாடா! இன்னிக்குத்தான் பதமா இருக்கு." இத்தனை நாளும் அவள் வைத்த தண்ணீர் ஒன்று சுட்டது, இல்லை ஆறிப் போயிருந்தது.

"பழைய விசிலை ஊதினீங்களா?"

"நீ சொன்னப்புறம் தொடவே இல்லையே. ஏன்?"

சாயங்காலத்துக்குள் காலடிகள் இறுகியிருந்தன. அவள் செருப்பைக் கழற்றி, தன் பாதத்தை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது அவளுடையதைவிடச் சின்னது. அழகானதும்கூட.

பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

மறுநாள் ஒன்றரைக்கே அடுப்பை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஆலையின் உறுமல் தூரத்தில் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

ஆலையின் உறுமல் நின்றுபோனது போல் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சுள்ளி முறிந்தது.

இன்னொன்று.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தோளில் ஓர் ஈரக் கை படிந்தது. முரட்டுத்தனம் இல்லை; வேலை நேரத்தில் வழியில் நிற்பவரை ஒதுக்கும் அவசரம் மட்டும் இருந்தது.

"தள்ளு. அவர் வந்துடுவார்."

மதிலைப் பிடித்துக்கொண்டு அவள் அத்தையைக் கூப்பிட்டது அவளுக்கே மெலிதாகத்தான் கேட்டது. அத்தை வந்து, அவள் தோளில் சாம்பல் நிறத்தில் பதிந்திருந்த ஐந்து விரல்களைப் பார்த்தாள்.

"மூத்தவளுக்கு மூணு நாள் காய்ச்சல்," என்றாள். "எழுந்திரிக்காதடின்னு நான் சொல்லிட்டுத்தான் போனேன். விசில் கேட்டதும் எழுந்து போய் தண்ணி வெச்சிருக்கா. அடுப்புக்குப் பின்னால சரிஞ்சு கிடந்தா. இவர் வந்து அந்தத் தண்ணியிலயே குளிச்சு, சாப்பிட உக்காந்து, ஏன் இன்னும் தட்டு வரலன்னு தேடிப் போனப்பதான் பார்த்தார். அதுக்குள்ள..."

அன்று இரவு அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அழுவார். அந்த அழுகையை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முடிந்துவிட்டது என்று மூத்தவளுக்கு யாருமே சொல்லவில்லையே என்று நினைத்தபோது மட்டும் பாவமாக இருந்தது.

மறுநாள் சுள்ளி முறியும் சத்தம் கேட்டபோது அவள் ஓடவில்லை. அடுப்பைப் பார்த்துக் கைகட்டி நின்றாள்.

"அக்கா," என்றாள். "தண்ணி நீங்களே வைங்க. உங்க பதம் எனக்கு வராது. ஆனா அந்தப் பழைய விசில் வேண்டாங்க்கா, எனக்குத் தாங்கல. என் விசிலையே எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் அதுக்கே வருவோம்."

பெருந்தன்மைதான். அதில் கொஞ்சம் தந்திரமும் இருந்தது. பழைய விசில் ஒழிந்தால் அவர் மனதிலிருந்தும் அது ஒழியும் என்ற நப்பாசை.

சுள்ளி முறிவது நின்றது. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு.

அடுத்த நாள் இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எந்த விசிலும் கேட்கவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இல்லை. ஒழிந்தது. வீட்டைக் கூட்டி முடித்த அலுப்பில், ஒரு நிமிஷம் என்று கட்டிலில் சாய்ந்தாள்.

இரண்டு மணிக்கு அவளுடைய விசில் வந்தது. ஒரு நெட்டை, இரண்டு குட்டை. அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

எழவில்லை.

உடம்பு கட்டிலோடு கிடந்தது. கையும் காலும் யாருடையதோ போல.

நெற்றியில் ஈரமான உள்ளங்கை ஒன்று படிந்தது. காய்ச்சல் பார்ப்பது போல, ஆதரவாக.

"நீ படு. நான் பாத்துக்கறேன்."

காலடிகள் கொல்லைக்குப் போயின. விறகு பற்றியது. அண்டா முணுமுணுத்தது. அரை மணியில் கதவு திறந்தது. அவருடைய பூட்ஸ் சத்தம். ஏங்க, என்று அவள் கத்தினாள். உதடு பிரியவில்லை. தண்ணீர் மளமளவென்று விழுந்தது. அப்புறம் தட்டு வைக்கும் சத்தம், கரண்டி, டம்ளர். எல்லாம் வரிசையாக, பழகிய கையில்.

"இன்னிக்கு என்ன, ஒரே உபசாரமா இருக்கு?" அவர் குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒரு குழைவு.

இந்தப் பக்கம் திரும்பினால் போதும். திறந்த கதவு வழியே கட்டில் தெரியும். கட்டிலில் அவள் தெரிவாள். அவர் திரும்பவில்லை. சாப்பிட்டார்.

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க," என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

கட்டிலில் கிடந்தவளுடைய குரலில்.