சமையலறையில் இல்லாத உப்பு

"எம் மருமக உப்பை அள்ளிக் கொட்டியே எம் மகனச் சாகடிக்கப் பாத்தா டாக்டரம்மா."

ஹலீமா சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். பின்னால் மகன் ரபீக் தலைகுனிந்து நின்றான். முப்பத்திரண்டு வயது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. துபாய் வேலைக்கான மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். பழி அவன் மனைவி நர்கிஸ் மீது விழுந்தது. அவளை வீரசோழனிலுள்ள தாய்வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதமாகிறது.

அருப்புக்கோட்டையில் மருத்துவமனை நடத்தும் முருகலட்சுமி அழுத்தம் பார்த்தார். நூற்று எண்பதுக்கு மேல்.

உதவி மருத்துவர் மாதவன் குரலைத் தாழ்த்தி, "மாத்திரையை முழுங்காம ஏமாத்துறாரு மேடம்" என்றான்.

"நாடியைப் பிடிச்சுப் பாருங்க. இவ்வளவு பயத்துலயும் மெதுவா ஓடுது. அவரு சாப்பிடுற மூணுல ஒண்ணு நாடியை மெதுவாக்கும்; முழுங்கத்தான் செய்யுறாரு." முருகலட்சுமி ஹலீமாவிடம் திரும்பினார். "இந்த ரெண்டு மாசமா சமையல் யாரு?"

"நாந்தான். உப்புன்னு பேருக்குத்தான் போடுறேன்."

"அப்பயும் பிரஷர் இறங்கலையே."

முருகலட்சுமி ரபீக்கின் பக்கம் திரும்பினார்.

"வேற என்ன செய்யுது தம்பி?"

ரபீக் தயங்கினான். "ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போறேன். சில நாள் காலையில தொடை செத்துப்போன மாதிரி இருக்கு. சுவத்தப் பிடிச்சுத்தான் எந்திரிக்கிறேன்."

"சர்க்கரை!" என்றான் மாதவன் ஆவலாக.

இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை. பொட்டாசியம்தான் மிகவும் குறைந்திருந்தது.

"வாந்தியில்ல, பேதியில்ல, நீர் பிரிக்கிற மாத்திரையும் இல்ல," என்றார் முருகலட்சுமி. "அப்ப பொட்டாசியம் எங்க போகுது?"

மாதவன் யோசித்தான். "சிறுநீர்ல... ஏதோ அதை வெளிய தள்ளுது. அட்ரினல் சுரப்பி!"

"அதேதான். அந்தச் சுரப்பி சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்கும்மா. அதுல ஆல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன். அது அளவுக்கு மீறிச் சுரந்தா உப்பை உடம்புல பிடிச்சு வச்சுக்கிட்டு, பொட்டாசியத்தை வெளியேத்திரும். அதான் பிரஷரும் ஏறுது, தொடையும் செத்துப்போகுது. உங்க மருமக கையில ஒண்ணுமில்ல. இருந்தாலும் ஹார்மோன் டெஸ்டும் ஸ்கேனும் பாத்துத்தான் உறுதியாச் சொல்லணும்."

மதுரையில் உறுதியானது. இடப்பக்கச் சுரப்பியில் சின்னக் கட்டி. அது மட்டும்தான் மிகுதியாகச் சுரந்துகொண்டிருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன்பே ஹலீமா வீரசோழனுக்கு பஸ் ஏறினார். நர்கிஸ் வந்தாள். கட்டியை எடுத்த சில வாரங்களில், ஒரே மாத்திரையில் ரபீக்கின் அழுத்தம் அடங்கியது.

முருகலட்சுமி அதைச் சொன்னபோது ஹலீமா மருமகளின் முழங்கையைத் தொட்டார். "உப்பைக் கூட்டிப் போடலன்னு நீ அழுது சொன்னியேம்மா. நான் காது குடுக்கலையே."

நர்கிஸ் கையை விலக்கிக்கொள்ளவில்லை. ஆனால் மன்னிக்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது.