கண் திறக்கிற பேனா

திருவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி பரந்தாமன் வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. கையில், பூந்தமல்லி ரேடியோ கடையில் இரவல் வாங்கிய, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னும் ஒரு துண்டு ஈயக் கம்பியும். ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி அறைக்குள் கொட்டியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே அறை. மூலையில் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர். அதை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது.

"கெட்ச்சுதா?" என்றாள் அவன் மனைவி சொர்ணம்.

"கெட்ச்சுது."

அவனுக்குத் தொழில், போட்டோ சரி பண்ணுவது. இறந்தவர்களின் கடைசிப் படத்தை ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். மூக்கில் வைத்த பஞ்சை அழித்து, மூடிய கண்ணைத் திறந்து, மாலை போட்டு மாட்டுகிற படமாக மாற்றிக் கொடுப்பான். அதற்கென்று ஒரு கருப்புப் பலகையும், அதன்மேல் எழுதுகிற ஒரு பேனாவும் உண்டு. பலகையில் அழுத்துவதற்குத் தக்கபடி திரையில் கோடு மெலியும், தடிக்கும். அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவனிடம்தான் அது இருந்தது. இமை மயிரைக்கூட ஒவ்வொன்றாகப் போடுவான்.

சித்திரையில் ஒருநாள் மகள் பொன்னி அந்தப் பேனாவை எடுத்து விளையாடிக் கீழே போட்டுவிட்டாள். நாலு வயசுப் பிள்ளை. பேனா செத்துப்போனது. பரந்தாமன் அவள் கையில் ஓங்கி அடித்தான். ஐந்தாம் நாள் ஜுரம் கண்டது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

ஊர் முகத்தையெல்லாம் சரி செய்தவனின் வீட்டில், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டுடியோ அய்யாசாமி கடைசியாக எடுத்தது ஒன்றுதான். கண் மூடிய படம்.

"அவளுக்கு என் கண்ணுதான். என் கல்யாண போட்டோலேர்ந்து எட்த்து வைய்யி," என்றாள் சொர்ணம். "ஒரே ஒரு தபா அவ என்னப் பாக்கணும்."

பரந்தாமன் பேனாவைத் திருகித் திறந்தான். உள்ளே ஒரு கருப்புக் குச்சி. அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. கம்பியின் ஒரு முனை, பற்றவைத்த இடத்திலிருந்து விட்டுப் போயிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. இதற்கா அடித்தோம் என்று நினைத்தான். கம்பி முனையை பிளேடால் சுரண்டி, ஒரு பொட்டு ஈயம் வைத்தான். சுருட்டுப் புகைபோல் ஒரு காரல் வாசனை அறையில் பரவியது.

துணியை விலக்கிக் கம்ப்யூட்டரைப் போட்டு, பேனாவைப் பலகையில் வைத்து இழுத்தான். திரையில் கோடு விழுந்தது.

அய்யாசாமி எடுத்த படத்தைத் திறந்து, கல்யாண போட்டோவிலிருந்து சொர்ணத்தின் கண்களை அளவு குறைத்துப் பொருத்தினான். ஓரங்களைப் பேனாவால் இழைத்தான். திரையிலிருந்து பொன்னி இருவரையும் பார்த்தாள். சொர்ணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள். அவளைத் தேற்றத் திரும்பிய பரந்தாமன், மறுபடி திரையைப் பார்த்தான்.

கண்கள் மூடியிருந்தன.

எதையோ தவறி அழுத்திவிட்டோம் என்று நினைத்து மறுபடி வைத்தான். மூடிக்கொண்டன. மூன்றாம் தடவை அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் இமை மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டு டி.வி. அடங்கியது.

திரை மட்டும் அணையவில்லை.

விரலிடுக்கில் பேனா ஜில்லிட்டது. பலகையிலிருந்து யாரோ அதை விலக்கினார்கள். முரட்டுத்தனமில்லை. பிள்ளை, வேண்டாத சோற்றை ஊட்டும் கையைத் தள்ளுகிற மாதிரி.

"அடிக்க மாட்டேன்டா கண்ணு," என்றான் அவன். "நைனா இனிமே அடிக்க மாட்டேன்."

காதோரம், ஜுர மூச்சின் சூட்டோடு பதில் வந்தது.

"தூக்கம் வருது நைனா."

பரந்தாமன் பேனாவைக் கீழே வைத்தான்.

"இன்னா நிறுத்திட்ட? இன்னொரு தபா போடு."

"வேணாம் சொர்ணம். அவளுக்குத் தூக்கம் வருதாம்."

"பொய்யி! உன்னால அவ மூஞ்சப் பாக்க முடியல. அதான்!" சொர்ணம் பாய்ந்து பேனாவை எடுத்தாள். வரையத் தெரியாத கையால் பலகையில் ஊன்றினாள்.

ஊன்றியவள் அப்படியே உறைந்து போனாள்.

"கை..." என்றாள். "சின்னக் கை. என் வெரலப் புட்ச்சுகினு கீது."

கண்ணீர் பலகையில் சொட்டியது. பிறகு, அவளே பேனாவை ஓரமாக வைத்தாள்.

"சரிடி. நீ தூங்கு," என்றாள். "அம்மா இனிமே எழுப்ப மாட்டேன்."

திரை அணைந்தது.

சொர்ணம் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக, படுத்ததுமே தூங்கிப்போனாள். பரந்தாமன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, ஓசையில்லாமல் அழுதான்.

அழுகை ஓய்ந்து அவன் நிமிர்ந்தபோது, சொர்ணத்தின் முந்தானை பாயில் விழுந்து கிடக்கவில்லை. அவளுக்கு முன்னால், சுவருக்கும் அவளுக்கும் இடையில் கிடந்த வெற்றிடத்தில், ஒரு சாண் உயரத்தில் நின்றது. நுனி, ஒரு சின்னப் பிடிக்குள் கசங்கிய மாதிரி குவிந்திருந்தது.

யாரோ மூச்சு விடுகிற தாளத்தில், அது ஏறி ஏறி இறங்கியது.