நெகட்டிவ் என்று வந்தவள்

காலை 6.40. தையல் ஆலை விடுதியின் மாடி அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. துணி வெட்டும் பிரிவில் வேலை செய்தவள். விடுதியில் எல்லோருக்கும் அவள் 'கத்தரி'. உதடு நீலம் பாரித்திருந்தது.

8.15. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"வைரஸ்தான் மேடம். இப்பவே சோதிச்சுப் பார்த்தேன். ஒரு வாரமாவது உடம்புல இருந்திருக்கும்."

"திங்கட்கிழமை சோதனையில இவளுக்கு நெகட்டிவ்னு வந்திருக்கே? மூணு நாள்தானே ஆச்சு?"

பக்கத்தில் நின்ற ஆலை சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "அவங்கவங்க மூக்குல அவங்களே குச்சி விட்டா இப்படித்தான் மேடம். நர்ஸைக் கூப்பிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கூச்சமா இருக்கு, ரூமுக்குள்ளேயே எடுத்துக்கறோம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. இவ நுனியில தடவிட்டு விட்டிருப்பா."

இன்ஸ்பெக்டர் சோதனைப் பட்டியலைப் புரட்டினார். இருபத்திரண்டு பேரில் பாசிட்டிவ் வந்தது ஒருத்திக்கு மட்டும். பித்தான் தைப்பவள்; 'பட்டன்' என்பார்கள். கீழே தனி அறையில் அடைத்திருந்தார்கள்.

9.00. முகக்கவசத்துடன் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். பட்டனின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"காய்ச்சல் இருக்கா?"

"ஒரு தும்மல்கூட வரலை மேடம்."

"குச்சி விட்டப்ப வலிச்சுதா?"

"கூசுச்சு, அவ்வளவுதான். கத்தரிக்குத்தான் ரத்தமே வந்துடுச்சு. அட்டையில போட்டிருக்கற படத்தைப் பார்த்துப் பார்த்து விட்டா. 'மூளையைத் தோண்டி எடுத்துடாதடி'ன்னு சிரிச்சோம்."

"குப்பியை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"சூப்பர்வைசர்கிட்ட. அவர்தான் பேர் ஒட்டினாரு. அப்பவே கத்தரி அவர்கிட்ட, உடம்பு கொதிக்குதுன்னு சொன்னா. ரிசல்ட் வரட்டும்னாரு."

"ரிசல்ட் எப்ப வந்தது?"

"அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

இன்ஸ்பெக்டர் அவளுடைய போனை வாங்கினார். ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த செய்திகளைத் திங்கட்கிழமை வரை தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

10.05. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு போன். இரண்டே நிமிடப் பேச்சு.

10.30. வெட்டும் கூடம். ஓடாமல் நின்ற இயந்திரத்தின் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"ரெண்டு குப்பியைப் பத்தி ஆய்வுக்கூடத்துல கேட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "பட்டன் பேர் ஒட்டின குப்பியில ரத்தம் கலந்திருந்ததாம். செத்துப்போனவ பேர் ஒட்டினது சுத்தமா இருந்ததாம். ஆனா ரத்தம் வந்தது யாருக்குன்னு விடுதிக்கே தெரியும். பேரை மாத்தி ஒட்டியிருக்கீங்க."

"அவசரத்துல கை தவறியிருக்கும் மேடம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா செவ்வாய்க்கிழமை வேலைப் பட்டியலைத் திங்கட்கிழமை காலை 11.20க்கே குழுவுல போட்டிருக்கீங்க. அதுல பட்டன் பேர் மட்டும் இல்லை. ரிசல்ட் வந்தது சாயங்காலம் அஞ்சுக்கு. அவ வேலைக்கு வர மாட்டான்னு உங்களுக்குக் காலையிலேயே எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் வெட்டும் இயந்திரத்தின் மேல் கை வைத்தார்.

"பட்டன் தைக்க யாரை வேணும்னாலும் உட்கார வைக்கலாம். இந்த மெஷினை ஓட்ட கத்தரி ஒருத்தியை விட்டா ஆள் கிடையாது. அதானே?"

"சனிக்கிழமை சரக்கு போயாகணும் மேடம்…" அவர் தரையைப் பார்த்தார். "சின்ன வயசுதானே, தாங்கிடுவான்னு நினைச்சேன்."

"நெகட்டிவ்னு நம்பினதால அவ டாக்டர்கிட்டயே போகலை. குச்சியை அவ சரியாத்தான் விட்டா. நீங்கதான் அவளைக் கொன்னீங்க."

11.10. சூப்பர்வைசரை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. இன்ஸ்பெக்டரே போய்த் தனி அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. கத்தரியோட குப்பியில அந்த சூப்பர்வைசர் உன் பேரை ஒட்டியிருக்கான்."

பட்டன் வெளியே வரவில்லை.

"கத்தரி மூணு நாளும் சாயங்காலம் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, 'பயப்படாதடி, உனக்குச் சரியாயிடும்'னு சொல்லிக்கிட்டே இருந்தா மேடம்," என்றாள். "இருமிக்கிட்டே சொன்னா."