இடது கை எழுத்துகள்

வயல் என்று அடித்தால் வஞல் என்று விழுந்தது.

விண்ணரசி முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டாள். வெளியே ஐப்பசி அடைமழை, காலையிலேயே அறைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி மங்கல். கண்தான் ஏமாற்றுகிறது என்று சிம்னி விளக்கை ஏற்றி டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ய என்று எழுதியிருந்த கட்டையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஞ விழுந்தது. பக்கத்தில் ள. அதைத் தட்டினால் ழ. பள்ளம் பழ்ழம் ஆயிற்று. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் தட்ட வேண்டிய எழுத்துகள் இரண்டும் வலது கைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தன. முந்தின நாள் விளக்கு வைக்கும் வரை ஒழுங்காக அடித்த மிஷின்.

ஜெயங்கொண்டத்தில் பத்திரம் எழுதும் இராமலிங்கம் அவளை நம்பித்தான் கிரயப் பத்திரங்களை வரதராஜன்பேட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் தாளைக் கிழித்துப் போட வேண்டியதுதான். அந்த வேலை அவளுக்கு உயிர். ஏலாக்குறிச்சியில் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த வீட்டில் பிறந்து, தமிழ் டைப்பில் ஹையர் பாஸ் பண்ணியவள். அவளைக் கட்டிக்கொண்ட மரிய செல்வம் வாத்தியார், கல்யாணமான கையோடு இந்த மிஷினை மேசைமேல் கொண்டுவந்து வைத்தபோது அவள் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உனக்காகத்தான் திருச்சியில் தேடி வாங்கினேன் என்றான். அவனுக்கு முதல் மனைவி ஒருத்தி இருந்து காய்ச்சலில் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவள், வந்த கொஞ்ச நாளில் போய்விட்டாள் என்று அவனே சொல்லியிருந்தான். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

எழுத்து மாறிப்போனதைச் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. அப்படியே பழகிக்கொள்ளேன், விரலுக்கு எதுவும் பழகிவிடும் என்றான். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னான். வேலை தேங்கிப்போகுமே என்று அவள், அவன் பள்ளிக்கூடம் போன பிறகு ஜெயங்கொண்டத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

குருநாதன் மறுநாள் மத்தியானம் நனைந்த சைக்கிளோடு வந்தார். டைப்ரைட்டர் ரிப்பேர் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர்தான். மூடியைக் கழற்றி, எழுத்துக் கம்பிகளை விரலால் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"திரும்பவும் இப்படி மாத்திட்டீங்களாம்மா?"

திரும்பவுமா என்று அவள் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். முதல் தடவை இப்படி மாற்றிக் கொடுத்தது அவரேதான். சார் கேட்டார். சாரோட மூத்த சம்சாரம் அடைக்கலமேரிக்கு மாவு மில் பெல்ட்டில் மாட்டி இடது கையில் கடைசி இரண்டு விரல் போய்விட்டது. அந்த விரல்களுக்கு உண்டானதை வலது கைக்கு மாற்றி வைத்ததும் அந்தம்மா அதே வேகத்தில் அடித்தார்களாம், இதே மேசையில், சாகிற வரைக்கும். இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் சார் மறுபடி கூப்பிட்டு, எல்லோருக்கும் இருக்கிற மாதிரி ஆக்கச் சொன்னார். ஆக்கிக் கொடுத்தேன் என்றார்.

"இப்ப இருக்கறது என் கைவேலை இல்லம்மா. ஈயம் பத்த வெச்ச சுவடே தெரியல. முளைச்ச மாதிரி இருக்கு."

விண்ணரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். திருச்சியில் தேடி வாங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவள். எத்தனை நாள் அவளும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவன் தந்த காபியைக் குடித்துக்கொண்டு, தன்னைப்போல் கொடுத்துவைத்தவள் இல்லை என்று நினைத்திருப்பாள். பயம் அப்போது வரவில்லை.

குருநாதன் எழுத்துகளைப் பழையபடி பற்றவைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார். அவள் வயல் என்று அடித்துப் பார்த்தாள். வயல். கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், மாதா பீடத்துக்கு முன்னால் செபமாலையைக் கையில் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததும் எப்படிக் கேட்பது என்பதைத் தவிர மனசில் எதுவும் ஓடவில்லை.

மழை விட்ட நேரம் பார்த்துத் திரும்பினாள். முந்திரித் தோப்புப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. பூட்டு அவள் பூட்டியபடியே தொங்கியது. திறந்து உள்ளே கால் வைத்ததும் அந்த ஈர வாடைக்கு நடுவில் இன்னொன்று, தலையில் தேய்த்து ஊறிப்போன விளக்கெண்ணெய் வாடை, நாற்காலிக்குக் கிட்டே மட்டும் கெட்டியாக நின்றது. நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. அவள் தள்ளவில்லை. மிஷினில் தாள் இல்லை. எழுத்துக் கம்பிகளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தன, உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த காசு மாதிரி. ய தட்டினாள். வெறும் உருளையில் ஞ பதிந்தது.

மரிய செல்வம் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தான். வாசலில் நின்றே மேசையைப் பார்த்தான். குடையை மூலையில் சாய்த்தான்.

"மாத்தாதன்னு சொன்னேன்ல" என்றான். கோபமே இல்லை. "அவ கஷ்டப்படுவா."

அவள் கேட்க நினைத்த எதையும் கேட்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சா என்னைய இந்த மேசையில ஒக்கார வெச்சீங்க?"

அவன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். மிஷினைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முதலில் நினைத்ததாகச் சொன்னான். மனசு வரவில்லை. அடைக்கலமேரி செத்த பிறகும், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள் கட்டை தட்டுகிற சத்தம் கேட்கும், கதவைத் திறந்தால் நின்றுவிடும். தட்ட அவளுக்கு ஆசை இருக்கிறது, விரலில் பலம்தான் இல்லை என்று புரிந்துகொண்டானாம். பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னான்.

"பின்ன எதுக்கு என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

அவன் அவள் கைகளைப் பார்த்தான். அவன் அப்படிக் கனிவாகப் பார்த்து அவள் கண்டதில்லை.

"ஒனக்கு டைப் தெரியும்னு சொன்னாங்க."

இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். அரியலூர் போகிற கடைசி பஸ் இன்னும் வரவில்லை. அதைப் பிடித்தால் விடிவதற்குள் எப்படியாவது ஏலாக்குறிச்சி. அவன் தடுக்கவில்லை. மறித்துக்கூட நிற்கவில்லை. அவள் பையை இடது கையில் தூக்கினாள். பை கீழே விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. விரல் மரத்திருந்தது. கடைசி இரண்டும்.

விளக்கெண்ணெய் வாடை பின்கழுத்துக்கு வந்தது.

வாசல் நேரே இருந்தது. நடந்தாள். நடந்ததாகத்தான் நினைத்தாள். நாற்காலியின் சட்டம் முதுகில் பட்டது.

எழுந்திரு என்று காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை.

அவன் ஒரு தாளை உருளையில் மாட்டிவிட்டான்.

வலது கை எழும்பியது, இடது கையும் கூடவே. அவள் எழுப்பவில்லை. தட்டத் தொடங்கியது. வேகமாக. அவளுக்கு வராத வேகம். வலது பக்கம் போயிருந்த ய-வுக்கு நேராகப் போனது. ள-வுக்குப் போனது. ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"கை வலிக்குதா மேரி?"

நான் விண்ணரசி. சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க" என்றது வாய்.

வரி முடிந்ததும் இடது கை மடியில் வந்து கிடந்தது. பார்க்காதே. பார்த்தாள். இரண்டு விரல் இருந்த இடம் ரத்தமில்லாமல், வலியில்லாமல், என்றோ ஆறிப்போன தழும்பாக மினுங்கியது. பங்குக் கோயிலில் அவன் போட்டுவிட்ட மோதிரத்துக்கு நிற்க இடமில்லை. அது மடியிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அவன் குனிந்து எடுத்தான். சட்டைத் துணியில் துடைத்துச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.